பட்டாணிக்கு வயசாயிடுச்சு (கூடவே கொஞ்சம் வரலாறு)

எங்க வீட்டு ஹாம்ஸ்டர் பேரு பட்டாணி. போன வாரத்தோட ரெண்டு வயசு மூணு மாசம் முடிஞ்சுது. சின்னப் பிள்ளைன்னு நினைச்சுடாதீங்க. இந்த இனம் மொத்தமே ரெண்டுலருந்து மூணு வருஷம்தான் வாழும். ஒன்றரை வயசைத் தாண்டினாலே தாத்தா கணக்குதான்.

அக்கா பொண்ணு ஆசைப்பட்டு வாங்கினது. அவங்க பெங்களூருக்குக் குடிபோனப்ப, "மாமா, நீ வீட்லருந்துதானே வேலை பாக்குற, பட்டாணிய பாத்துக்க"ன்னு கூண்டோட என் தலையில கட்டிட்டா. பகல்ல நான் ஆணி பிடுங்குவேன், அது தூங்கும். ராத்திரி நான் தூங்குவேன், அது சக்கரத்துல ஓடும். ரெண்டு பேருக்கும் தகராறே இல்லை :-)

ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஒருநாள் சக்கரச் சத்தம் நின்னுடுச்சு. கையில தூக்கினா எலும்பு தட்டுப்பட்டுச்சு. இடுப்புக்கு ரெண்டு பக்கமும் முடி கொட்டி, கருப்பா ஒவ்வொரு புள்ளி. எனக்குப் பக்குன்னு ஆயிடுச்சு. "எலிக்கு வைத்தியம் பாக்குற வீடு மதுரையிலயே நம்ம வீடு ஒண்ணுதான்டா"ன்னு அம்மா தலையில அடிச்சுக்கிட்டாங்க. முதல்ல போன இடத்துல "நாய், மாடுன்னா பாக்கலாம் தம்பி, இதை எங்க பாத்திருக்கோம்"னு கைய விரிச்சுட்டாங்க.

அப்பதான் பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு யோசனை சொன்னார். அவர் பையனுக்கு வாங்கின அமாக்ஸிசிலின் சிரப் பாதி பாட்டில் ஃபிரிட்ஜ்ல இருக்காம். "ரெண்டு சொட்டு விடுங்க தம்பி, புண்ணு ஆறிடும்." நல்ல மனசோட சொன்னது. நானும் டிராப்பர்ல எடுத்துட்டேன். விடுறதுக்கு முன்னாடி, எத்தனை கிராம் உடம்புக்கு எத்தனை சொட்டுன்னு பாக்கலாமேன்னு தேட உக்காந்தேன். விடியக்காலை மூணு மணி வரைக்கும் எந்திரிக்கல. சொட்டுக் கணக்கு தேடப் போன எனக்கு ஒரு கதை மாட்டுச்சு. அந்தக் கதை நம்ம மெட்ராஸ் வழியா வருதுன்னா நம்புவீங்களா?

கொசுவத்தியை 1903-க்குச் சுத்திக்கோங்க.

மெட்ராஸ் ஜெனரல் ஆஸ்பத்திரி. சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிர்ல இன்னைக்கும் இருக்கிற அதே பெரியாஸ்பத்திரிதான். அங்கே சார்லஸ் டோனவன் என்று ஒரு ஐரிஷ்காரர் வேலை பார்த்தார், பிறந்தது கல்கத்தாவில். மாதக்கணக்கில் விடாத காய்ச்சல், வீங்கிப்போன மண்ணீரல், வற்றிக்கொண்டே போகும் உடம்பு என்று நோயாளிகள் வருவார்கள். மலேரியா என்று நினைத்துக் கொயினா கொடுத்தால் கேட்காது. அந்த வருஷம் மே மாதம் வில்லியம் லீஷ்மன் என்ற ராணுவ டாக்டர் ஒரு கட்டுரை வெளியிட்டார். கல்கத்தா பக்கம் டம்டம்மில் காய்ச்சல் பிடித்து, பிறகு இறந்துபோன ஒரு சிப்பாயின் மண்ணீரலில் விசித்திரமான சின்னச் சின்ன உருவங்களைப் பார்த்ததாக அதில் எழுதியிருந்தார். டோனவனும் இறந்தவர்களிடம் அதைப் பார்த்திருந்தார். ஆனால் செத்த உடம்பில் பார்த்ததை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாதே? ஜூனில் உயிரோடு இருந்த ஒரு நோயாளியின் மண்ணீரலில் ஊசி செலுத்தி ரத்தம் எடுத்தார். அதிலும் அதே உருவங்கள். மலேரியா புகழ் ரொனால்ட் ராஸ், இது இதுவரை அறியாத புது ஒட்டுண்ணி என்று சொல்லி இரண்டு பேர் பெயரையும் சேர்த்து வைத்தார்: லீஷ்மேனியா டோனவானி. நோயின் பெயர் காலா அசார். நம்ம பாஷையில் கருங்காய்ச்சல்.

கிருமி கிடைத்துவிட்டது. அதை ஆராய, மருந்து சோதிக்க, அந்த நோய் ஒழுங்காகப் பிடிக்கும் ஒரு சின்ன மிருகம் வேண்டும். 1920-களில் பீக்கிங்கில் இருந்தவர்கள் சீன ஹாம்ஸ்டருக்கு இந்த நோய் நன்றாகவே தொற்றுகிறது என்று கண்டுபிடித்தார்கள். சிக்கல் என்னவென்றால், அன்றைக்கு அதைக் கூண்டில் வைத்தால் குட்டி போடாது. ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் இதே நோயை ஆராய்ந்த சால் ஆட்லர், ஒவ்வொரு தடவையும் சீனாவிலிருந்து வரவழைத்து அலுத்துப்போனார். பக்கத்திலேயே ஒரு ஹாம்ஸ்டர் கிடைக்குமா என்று விலங்கியலாளர் இஸ்ரேல் அஹரோனியிடம் கேட்டார்.

1930 ஏப்ரல் 12. சிரியாவில் அலெப்போ பக்கம் ஒரு கோதுமை வயல். உள்ளூர் ஷேக் ஆள் கொடுத்து வயலைத் தோண்டச் செய்தார். நம்ம மேலூர், வாடிப்பட்டி பக்கம் அறுவடை முடிஞ்சதும் எலி வளையைத் தோண்டி நெல் எடுப்பாங்களே, அப்படியே நினைச்சுக்கோங்க. ஏறத்தாழ எட்டு அடி ஆழத்தில் கூடு. ஒரு தாய், பதினோரு குட்டிகள். பெட்டியில் போட்டதும் மிரண்டுபோன தாய் ஒரு குட்டியைக் கடித்துக் கொன்றது. மிச்சக் குட்டிகளைக் காப்பாற்ற என்று தாயைச் சயனைடு போட்டுக் கொன்றார்கள். கண் திறக்காத பத்துக் குட்டிகளையும் அஹரோனியும் அவர் மனைவியும் கையால் பாலூட்டி வளர்த்தார்கள். பிறகு சில கூண்டைக் கடித்துத் தப்பி ஓடிச் செத்தன. கடைசியில் மிஞ்சியது விரல்விட்டு எண்ணும் அளவு. கூடப்பிறந்ததுகளுக்குள்ளேயே ஜோடி சேர்த்தார்கள். பதினாறே நாள் கர்ப்பம் என்பதால் மளமளவென்று பெருகின.

1931-ல் ஆட்லர் சிலவற்றைக் கோட்டுப் பாக்கெட்டில் போட்டு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனாராம். 1938-ல் அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தன. சோதனைக்கூடத்திலிருந்து மெதுவாக வீடுகளுக்குள் புகுந்தன. உலகம் முழுக்கக் கடைகளில் விற்கும் கோல்டன் ஹாம்ஸ்டர்களில் ஏறக்குறைய எல்லாமே அந்த ஒற்றை வளையின் வாரிசுகள். எங்க பட்டாணியும்தான். அலெப்போ வயல்களில் அதன் சொந்தக்காரர்கள் இப்போது அழியும் ஆபத்தில் இருக்கிறார்கள் என்பது தனி சோகம்.

சரி, சிரப் விஷயத்துக்கு வரேன். 1970-களில் கிளிண்டாமைசின் எடுத்துக்கொண்ட சில நோயாளிகளுக்குக் குடல் புண்ணாகி உயிருக்கே ஆபத்தானது. காரணம் பிடிபடவில்லை. அதே மருந்தை ஹாம்ஸ்டருக்குக் கொடுத்தால் சில நாளில் செத்துவிடும். 1977-ல் ஜான் பார்ட்லெட் குழு ஹாம்ஸ்டர்களை வைத்துத்தான் அதற்கு விடை கண்டது. மருந்து குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களைக் கொன்றுவிடுகிறது. காலியான இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் பெருகி நஞ்சைக் கக்குகிறது. பென்சிலின் வகை மருந்துகளும் இதற்கு அப்படித்தான். அமாக்ஸிசிலினும் அந்த வகைதான்.

டிராப்பரைக் கீழே வைத்தேன். கை நடுங்குச்சு, பொய் சொல்லல. பட்டாணியைக் காப்பாத்தின அந்த ஒரு வரித் தகவல், அதோட சொந்தக்காரங்க எத்தனையோ பேர் கூண்டுக்குள்ள செத்துத்தான் நம்ம கைக்கு வந்திருக்கு.

மறுநாள் விசாரிச்சு விசாரிச்சு, சின்னப் பிராணிகளைப் பாத்துப் பழகின ஒரு டாக்டரைப் பிடிச்சேன். இடுப்புக் கருப்புப் புள்ளியைப் பாத்துட்டுச் சிரிச்சார். அது புண்ணே இல்லையாம். வாசனைச் சுரப்பி, எல்லா கோல்டன் ஹாம்ஸ்டருக்கும் இருக்கும், வயசாகி முடி கொட்டினா வெளிய தெரியும். நிஜப் பிரச்சினை வாய்ல. முன்பல்லு சாகுற வரைக்கும் வளருமாம். இவனுக்கு வளைஞ்சு நீண்டு, தின்னவே முடியாம இருந்திருக்கு. கத்தரிச்சு விட்டார். வெறும் பல்லு. அதுக்குத்தான் நான் விஷத்தைக் குடுக்க இருந்தேன்.

"ஆனா கிழம்தான் தம்பி, கிட்னியும் ஹார்ட்டும் எப்படியிருக்குன்னு வெளியருந்து சொல்ல முடியாது"ன்னார். அதையும் தேடிப் படிச்சேன். வயசான ஹாம்ஸ்டருக்குச் சிறுநீரகத்துல ஒருவகைப் புரதம் படிஞ்சு பழுதாகும், இதயத்துல ரத்தக்கட்டி வரும்னு எழுதி வச்சிருக்காங்க. அதுவும் சோதனைக்கூடத்துல சாகவிட்டு, அறுத்துப் பாத்து எழுதினதுதான்.

இப்ப எங்க வீட்டு ஏற்பாடு இதுதான். மாடி ரூம்லருந்து கூண்டு கீழ வந்தாச்சு. இதுக்கு 20லருந்து 24 டிகிரிதான் சுகம். மதுரை வெயில் 38, 40ன்னு போகும். அதனால கூண்டுக்குள்ள கவுத்துப் போட்ட மண்சட்டி, வெளியில ஈரச் சாக்கு. ஃபேன் நேரா படக்கூடாது. விழுந்துடக் கூடாதேன்னு சக்கரத்தைக் கழட்டியாச்சு. கம்பை ஊறவச்சுக் குடுக்குறோம். ஞாயித்துக்கிழமை சமையல்கட்டுத் தராசுல எடை. தண்ணி பாட்டில்ல பேனாவால கோடு போட்டிருக்கேன், திடீர்னு அதிகமா குடிச்சா கிட்னியைச் சந்தேகப்படணும். கோட்டைத் தினமும் பாக்குறது யாருன்னு நினைக்கிறீங்க? தலையில அடிச்சுக்கிட்ட அதே அம்மா.

பல்லு வெட்டின அன்னைக்கு 112 கிராம். போன ஞாயிறு 121. இன்னும் எத்தனை நாள்னு டாக்டர் சொல்லல, நானும் கேக்கல.

நேத்து அக்கா பொண்ணு போன் பண்ணினா. "மாமா, பட்டாணி இன்னும் ஓடுதா?"

"ஓடல பாப்பா. நடக்குது. நல்லா சாப்பிடுது."

"அப்ப சரி"ன்னு வச்சுட்டா.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, கோடு எழுதிப் பொழைக்கிறவன். உங்க வீட்டுச் சின்னப் பிராணிக்கு உடம்பு சரியில்லைன்னா ஃபிரிட்ஜைத் திறக்காதீங்க, டாக்டரைத் தேடுங்க. பக்கத்து வீட்டு அண்ணன்கிட்டயும் சொல்லியாச்சு. தண்ணி கலந்து வச்ச சிரப் நாள்பட்டா அவர் பையனுக்கே ஆகாதாம், குப்பைல போட்டுட்டார்.