ஜப்பானியர் வாழ்வில் பூச்சி ரசனை

ஜப்பானில் பூச்சிகளைக் கேட்டும் பார்த்தும் வளர்த்தும் மகிழும் மரபு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழமையானது. இதில் நெடுங்காலம் கண்ணைவிடக் காதுக்கே முதலிடம். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முராசாகி ஷிகிபு எழுதிய ‘கெஞ்சி கதை’யின் ஓர் அத்தியாயத்துக்கே சுசுமுஷி என்னும் சில்வண்டின் பெயர்தான்.

சுசுமுஷி கருநிறம், நீளம் ஏறத்தாழ 2 செ.மீ. ஆண் மட்டுமே பாடும். அகன்ற முன்னிறகுகளைச் செங்குத்தாகத் தூக்கி உரசும்போது சிறுமணி குலுங்குவதுபோல் கேட்கும். தீனி கத்தரிக்காய், வெள்ளரித் துண்டுகள். கொஞ்சம் கருவாட்டுத் தூளும் தூவ வேண்டும். புரதம் குறைந்தால் ஒன்றையொன்று தின்னத் தொடங்கிவிடும். மண்ணில் முட்டையிட்டபின், குளிருக்கு முன்பே பூச்சிகள் மடிந்துவிடும். அந்த மண்ணைக் காயவிடாமல் காத்தால் அடுத்த கோடைத் தொடக்கத்தில் குஞ்சு பொரிக்கும்.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் எடோ நகரில், அதாவது இன்றைய டோக்கியோவில், பூச்சி விற்பனை தனித் தொழிலானது. கண்டா பகுதியில் தின்பண்டம் விற்றுவந்த சூசோ என்பவர் அதைத் தொடங்கியதாக லஃப்காடியோ ஹெர்ன் 1898இல் வெளியான தம் நூலில் எழுதுகிறார். முட்டையுள்ள சாடிகளைக் கதகதப்பான அறையில் வைத்து முன்கூட்டியே பொரிக்கவைக்கும் உத்தியும் விரைவில் வந்தது. பருவத்துக்கு முன் பாடும் பூச்சிக்கு நல்ல விலை கிடைக்காமல் போகுமா? காசு செலவிடாமல் கேட்க விரும்பியவர்களுக்கு தோகன்யாமா குன்று இருந்தது. அங்கே பாய் விரித்து, சாக்கே மது அருந்தியபடி பூச்சியிசை கேட்போரை ஹிரோஷிகே மரச்செதுக்கு ஓவியமாக்கியிருக்கிறார்.

ஜப்பானியரின் மூளையே பூச்சியொலியைத் தனி வகையில் கேட்கிறது என்று தடானோபு சுனோடா 1978இல் ஒரு நூல் எழுதினார். பரவலாகப் பேசப்பட்டாலும் அதற்கு உறுதியான சான்று அமையவில்லை. இலக்கியமும் சந்தையும் தலைமுறை தலைமுறையாகப் பழக்கிய காது என்று கொள்வதே பொருந்தும்.

கண்ணுக்கான ரசனையும் இல்லாமலில்லை. ஹோர்யூஜி கோயிலிலுள்ள 7ஆம் நூற்றாண்டு வழிபாட்டுப் பேழை பொன்வண்டின் சிறகுகளால் அலங்கரிக்கப்பட்டது. பின்வாங்காமல் முன்னோக்கிப் பறப்பதாகக் கருதப்பட்ட தும்பி, சாமுராய்களின் தலைக்கவசத்தில் ஏறியது.

இன்று சிறுவர்களின் மோகம் கொம்பு வண்டுகள்மீது. கோடை வந்தால் கடைகளில் வண்டும், கூண்டும், ஜெல்லித் தீனியும் சேர்ந்தே விற்கும். 1999இல் இறக்குமதி விதிகள் தளர்ந்தபின் வெளிநாட்டு வண்டுகள் பெருமளவில் வந்தன. 2003இல் சேகா நிறுவனம் வெளியிட்ட ‘முஷிகிங்’ விளையாட்டு அந்த ஆர்வத்தை மேலும் ஏற்றிவிட்டது. வளர்த்து அலுத்தவர்கள் அவற்றைக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். உள்ளூர் வண்டினங்களோடு அவை கலந்து இனக்கலப்பு ஏற்படும் என்பது பூச்சியியலாளர்களின் கவலை.