சக்கரக் காலணியும் கரிசல் தரையும்

ரோலர் ஸ்கேட்டிங்குக்கு மூன்று பொருள்கள் வேண்டும்: சக்கரம், பேரிங், தரை. முதல் இரண்டையும் பட்டறையில் செய்து பெட்டியில் அடைத்து உலகெங்கும் அனுப்பலாம். தரையை அந்தந்த ஊர்தான் தர வேண்டும். ஐரோப்பாவில் பெரியவர்களின் பொழுதுபோக்காகத் தொடங்கிய இந்த ஆட்டம் 19-ஆம் நூற்றாண்டிலேயே இந்திய மலைநகரங்களுக்கு வந்துவிட்டது. கோவில்பட்டி, எட்டயபுரம் போன்ற கரிசல் ஊர்களில் அதற்கு முதல் தடையாக நின்றது மண்.

சக்கரம் கட்டிய காலணியின் தொடக்கக் கதை 1760-களின் லண்டனைச் சேர்ந்தது. பெல்ஜியத்தின் ஊய் நகரில் பிறந்த ஜான் ஜோசப் மெர்லின் இசைக்கருவிகளும் பொறிகளும் செய்வதில் வல்லவர். ஒரு மாறுவேட விருந்துக்குச் சக்கரக் காலணி அணிந்து, வயலின் வாசித்தபடியே உருண்டு வந்தவர், திரும்பவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் விலையுயர்ந்த நிலைக்கண்ணாடி ஒன்றில் மோதி அதை உடைத்தார் என்பார்கள். திரும்புவதும் நிற்பதும் அடுத்த நூறு ஆண்டுகளுக்கு இந்தக் கருவியின் தீராத சிக்கல்களாக இருந்தன. 1819-இல் பாரிஸில் பெத்திப்ளே என்பவர் மூன்று சக்கரங்களை ஒரே வரிசையில் பொருத்திக் காப்புரிமை பெற்றார். 1823-இல் லண்டனில் ராபர்ட் ஜான் டையர்ஸ் ஐந்து சக்கரங்களை வரிசையாக வைத்து ‘ரோலிட்டோ’ என்று பெயரிட்டார். இவற்றில் நேராகப் போவது எளிது. வளைந்து போவதுதான் கடினம்.

அந்தச் சிக்கலை அவிழ்த்தவர் நியூயார்க்கின் ஜேம்ஸ் லியோனார்ட் பிளிம்ப்டன். 1863-இல் அவர் காப்புரிமை பெற்ற ஸ்கேட்டில் முன்னே இரண்டு, பின்னே இரண்டு என நான்கு சக்கரங்கள் இருந்தன. அச்சுக்கும் அடிப்பலகைக்கும் நடுவே ரப்பர் மெத்தை வைத்திருந்ததால், உடலை ஒரு பக்கம் சாய்த்தாலே அச்சு வளைந்து சக்கரமும் அந்தப் பக்கம் திரும்பியது. பிளிம்ப்டன் கருவியோடு நின்றுவிடவில்லை. அதற்கான தளங்களையும் அமைத்தார். வசதி படைத்த ஆண்களும் பெண்களும் சேர்ந்து பழகும் கண்ணியமான இடங்களாக அவை நடத்தப்பட்டன. 1870-களின் நடுவில் இங்கிலாந்திலும் ஊருக்கு ஊர் தளங்கள் முளைத்தன. ஆடவரோடு சேர்ந்து பெண்கள் உடற்பயிற்சி செய்ய வேறு வாய்ப்பு அதிகம் இல்லாத காலம் அது. அன்றைய ஸ்கேட்டிங் முழுக்க முழுக்கப் பெரியவர்களின் ஆட்டம்.

வேகத்தைத் தந்தது பேரிங். பர்மிங்காமில் வில்லியம் பௌன் 1876-இலும், அவருடன் இணைந்து உழைத்த ஜோசப் ஹென்றி ஹியூஸ் 1877-இலும் ஸ்கேட், வண்டிச் சக்கரங்களுக்கான பேரிங் அமைப்புகளுக்குக் காப்புரிமை பெற்றனர். அச்சும் சக்கரமும் நேரடியாக உரசாமல் இரண்டுக்கும் நடுவே எஃகுக் குண்டுகள் உருண்டதால், ஒரு தள்ளலில் போகும் தூரம் பல மடங்கு கூடியது. சைக்கிளுக்கும் பிறகு மோட்டார் வண்டிக்கும் இதே நுட்பம் அடிப்படையானது.

ஆங்கிலேயர்கள் இந்த ஆட்டத்தைத் தங்கள் கோடைவாச நகரங்களுக்குக் கொண்டுவந்தனர். சிம்லாவின் பென்மோர் மாளிகையில் நடன அரங்கோடு ஸ்கேட்டிங் தளமும் இருந்தது. முசூரியில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்ட ‘தி ரிங்க்’ மரத்தளத்துக்குப் பேர்போனது. விடுதலைக்குப் பிறகும் அந்த ஊர் இந்திய ஸ்கேட்டிங்கின் முதன்மையான மையங்களில் ஒன்றாக நீடித்தது. இரண்டு ஊர்களிலும் ஆட்டத்துக்கு ஏற்ற குளிர்ச்சி இருந்தது. அதைவிட முக்கியமாக, பலகை பாவிய கூடம் இருந்தது.

அதே காலத்தில் கரிசல் சீமையில் சக்கரத்தின் பாடு வேறு. பௌன் காப்புரிமை பெற்ற 1876-ஆம் ஆண்டில்தான் மதுரையிலிருந்து கோவில்பட்டி வழியாகத் தூத்துக்குடிக்கு ரயில் பாதை திறக்கப்பட்டது. வழுவழுப்பான ஒரு பரப்பில் சக்கரம் தடையின்றி உருள்வதை இந்த வட்டாரம் முதலில் கண்டது இரும்புத் தண்டவாளத்தில்தான். தண்டவாளத்தை விட்டு இறங்கினால் வண்டித்தடம். மழை பெய்தால் கரிசல் பசையாகி மாட்டுவண்டிச் சக்கரத்தைக் குடம்வரை விழுங்கும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். கரிசலில் உள்ள களிமண் நீரை உறிஞ்சிப் பருத்து, காயும்போது சுருங்குவதே காரணம். பருத்திக்கு ஈரத்தைத் தேக்கி வைத்து வாழ்வளிக்கும் இந்தக் குணமே சாலைக்குப் பகை. மேலே எவ்வளவு நன்றாகத் தார் போட்டாலும் அடியிலுள்ள மண் ஏறி இறங்கினால் சாலை அலை அலையாகிவிடும். அதனால் கரிசலில் சாலை போடும் பொறியாளர்கள் மேல்மண்ணை வெட்டி எடுத்துச் சரளை நிரப்புவதும், சுண்ணாம்பு கலந்து மண்ணை இறுக்குவதும் வழக்கம்.

தரை தடுத்தாலும் உருளும் ஆசை தடைபடவில்லை. பனை மிகுந்த இந்தப் பகுதியில் நுங்கு தின்றபின் எஞ்சும் கூந்தலைக் கவைக்கம்பில் கோத்துச் சிறுவர்கள் நுங்கு வண்டி ஓட்டினர். பழைய சைக்கிள் டயரைக் குச்சியால் தட்டி ஓட்டினர். லாரிப் பட்டறைகள் பெருகிய பிறகு, கழித்துப்போட்ட பேரிங்குகளைப் பலகையில் பொருத்திய பால்ரஸ் வண்டி தமிழகத் தெருக்களுக்கு வந்தது. பர்மிங்காமில் ஸ்கேட்டுக்காகச் செம்மைப்பட்ட அதே பொறி, சரிவான தெருவில் சிறுவர்களைச் சுமந்து கடகடத்தது. ஆனால் மீசை அரும்பியதும் விட்டுவிட வேண்டிய விளையாட்டாகவே இவை கருதப்பட்டன.

மேலைநாடுகளிலும் 20-ஆம் நூற்றாண்டில் ஸ்கேட் மெல்லப் பிள்ளைகளின் பக்கம் சாய்ந்தது. காலணியோடு சேர்த்து முடுக்கிக்கொள்ளும் இரும்புச் சக்கர ஸ்கேட்டுகள் மலிவாகக் கிடைத்தன. 1970-களில் பாலியூரிதேன் சக்கரம் வந்ததும் நிலைமை மாறியது. சிறு கற்களையும் வெடிப்புகளையும் ஓரளவு தாங்கிக்கொண்டு, வழுக்காமல் பிடித்து ஓடியதால் ஆட்டம் கூடத்தை விட்டுச் சாலைக்கு வந்தது. அடுத்த திருப்பம் மினியாபொலிஸில் நடந்தது. ஐஸ் ஹாக்கி வீரரான ஸ்காட் ஓல்சன், சக்கரங்கள் ஒரே வரிசையில் அமைந்த பழைய மாதிரி ஸ்கேட் ஒன்றைக் கண்டெடுத்து, பனியில்லாத மாதங்களில் பயிற்சி செய்வதற்காகத் தம்பி பிரென்னனோடு சேர்ந்து 1980-ஐ ஒட்டி அதைச் செப்பனிட்டார். பெத்திப்ளேயின் வரிசைச் சக்கரம் ‘ரோலர்பிளேடு’ என்ற பெயரில் மறுபிறவி எடுத்தது. 1990-களில் அலுவலகம் விட்டு வருவோரும் நடுவயதினரும் பூங்காக்களில் உருண்டனர். பாரிஸில் வெள்ளிக்கிழமை இரவுகளில் கூட்டமாக நகரைச் சுற்றிவரும் வழக்கம் 1994-இல் தொடங்கியது.

வளர்ந்தவர்களை ஈர்ப்பது இந்த இயக்கத்தின் தன்மை. முழங்காலை மடக்கி, உடலை முன்சாய்த்து, ஒரு காலைப் பக்கவாட்டில் தள்ளும்போது எடை முழுவதும் மறுகாலுக்கு மாறுகிறது. அந்தக் காலில் வழுக்கிச் செல்லும் கணத்தில் உழைப்பில்லாமலே வேகம் கிடைக்கிறது. ஓட்டத்தைப் போலப் பாதம் தரையில் மோதுவதில்லை என்பதால் மூட்டுகளுக்கு அதிர்ச்சி குறைவு. தொடையும் இடுப்பும் நன்றாக வேலை செய்கின்றன. பெரியவர்களுக்குப் பெரிய தடை விழும் பயம். விழும்போது கையை ஊன்றுவது இயல்பு என்பதால் மணிக்கட்டே அதிகம் அடிபடுகிறது. மணிக்கட்டுக் காப்பு அணியாதவர்களுக்கு அங்கே காயம்படும் வாய்ப்பு அணிந்தவர்களைவிடப் பத்து மடங்குக்கு மேல் என்று 1996-இல் வெளிவந்த அமெரிக்க மருத்துவ ஆய்வு காட்டியது. தலைக்கவசம், முழங்கால், முழங்கை உறைகளோடு மணிக்கட்டுக் காப்பும் சேர்ந்ததே முழுமையான பாதுகாப்பு.

இந்தியாவில் ரோலர் ஸ்கேட்டிங் கூட்டமைப்பு 1955-இல் தோன்றியது. 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் அனூப் குமார் யாமா தனிநபர் பிரிவில் ஒன்றும், அவனி பஞ்சாலுடன் இணையர் பிரிவில் ஒன்றுமாக இரண்டு வெண்கலம் வென்றார். தமிழகத்தில் ஆட்டம் பரவியது சென்னை போன்ற நகரங்களின் சிமெண்ட் தளங்களிலும் விடுமுறைப் பயிற்சி வகுப்புகளிலும். 2023-இல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டின் 3000 மீட்டர் தொடர் ஓட்டத்தில் வெண்கலம் வென்ற மகளிர் அணியில் தமிழகத்தின் கார்த்திகா ஜெகதீஸ்வரனும் ஆரத்தி கஸ்தூரி ராஜும், ஆடவர் அணியில் ஆனந்த்குமார் வேல்குமாரும் இடம்பெற்றனர். 2025 செப்டம்பரில் சீனாவின் பெய்தைஹேயில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் ஆனந்த்குமார் 1000 மீட்டரை 1 நிமிடம் 24.924 விநாடியில் கடந்து தங்கம் வென்று, விரைவு ஸ்கேட்டிங்கில் முதல் இந்திய உலகச் சாம்பியன் ஆனார்; 42 கிலோமீட்டர் மாரத்தானிலும் தங்கம் அவருக்கே. ஆனால் பிளிம்ப்டனின் தளத்தில் ஆடியவர்கள் பெரியவர்கள். தமிழகத் தளங்களில் ஆடுவோர் பெரும்பாலும் பிள்ளைகள். பெற்றோர் கம்பிவேலிக்கு வெளியே காத்திருக்கின்றனர்.

கரிசல் வட்டாரத்தின் தரையும் இப்போது பழையபடி இல்லை. மதுரையிலிருந்து தூத்துக்குடி செல்லும் நான்குவழிச் சாலை எட்டயபுரத்தை ஒட்டிப் போகிறது. கிராமத் தெருக்களிலும் சிமெண்ட் சாலைகள் வந்துவிட்டன. லாரிகள் விரையும் நெடுஞ்சாலை ஸ்கேட்டிங்குக்கு உரிய இடமல்ல. பேவர் பிளாக் பாவிய நடைபாதையில் இணைப்புக்கு இணைப்பு சக்கரம் தட்டும். ஹாக்கிக்குப் பேர்பெற்ற கோவில்பட்டியின் செயற்கைப் புல்தரையில் சக்கரம் உருளாது. பொருத்தமானவை போக்குவரத்து குறைந்த சிமெண்ட் தெருவும், மைய வளைவில்லாத மட்டமான சிமெண்ட் களமும். நல்ல ஸ்கேட்டுகளின் 80 மில்லிமீட்டர் சக்கரம் சிறு வெடிப்புகளைத் தாண்டிவிடும். சாலை சொரசொரப்பாக இருந்தால் சற்று மென்மையான சக்கரம் அதிர்வைக் குறைக்கும்.

தட்பவெப்பமும் முற்றிலும் எதிரானதல்ல. ஈரத்தில் பாலியூரிதேன் சக்கரம் வழுக்கும், பேரிங் துருப்பிடிக்கும். இந்தப் பகுதியில் மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் பெய்துவிடுவதால், ஆண்டின் பெரும்பகுதி தரை காய்ந்தே கிடக்கிறது. வெயிலுக்கு அஞ்சி ஆட்டத்தை விடியற்காலைக்கும் அந்திக்கும் ஒதுக்க வேண்டியிருக்கும். கரிசல் புழுதி பேரிங்குக்குள் புகுந்து குண்டுகளை அரிக்கும் என்பதால், அவ்வப்போது கழற்றித் துடைத்து எண்ணெய் விடுவது மற்ற ஊர்களைவிட இங்கே கூடுதலாக வேண்டிய பராமரிப்பு.