காற்று இலவசம், குளம் இலவசமா?

 

‘குடும்பத்துக்குச் சிக்கனம் பெட்ரோல் காரா, மின்சாரக் காரா?’ இதுதான் தலைப்பு. ரெண்டு அணியும் கால்குலேட்டரும் கையுமா வந்து இறங்கிட்டாங்க. தீர்ப்புக்கு முன்னால் நான் கொஞ்சம் வரலாற்றைப் புரட்ட வேண்டியிருக்கிறது. ஏனென்றால், இது புது வழக்கு இல்லை. நூற்றிருபது வருஷத்துக்கு மேல் வாய்தா வாங்கிக்கொண்டே வருகிற வழக்கு.

1900ஆம் ஆண்டு அமெரிக்காவில் தயாரான மோட்டார் வண்டிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மின்சார வண்டி. நீராவி வண்டியும் அதே அளவுக்கு இருந்தது. பெட்ரோல் வண்டிதான் அன்றைக்குக் கடைசிப் பெஞ்சு. ஊருக்கெல்லாம் பெட்ரோல் கார் விற்ற ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா ஓட்டியது எது தெரியுமா? மின்சாரக் கார்! ஊருக்கு உபதேசம், வீட்டுக்குள்ளே வேற கதை! (சிரிப்பு)

அப்புறம் ஏன் மின்சாரக் கார் தோற்றது? 1901இல் டெக்சாஸில் எண்ணெய் பீறிட்டது. 1908இல் ஃபோர்டின் ‘மாடல் டி’ வந்தது; வரிசை முறையில் செய்து விலையைக் குறைத்தார்கள். பெட்ரோல் வண்டியைக் கிளப்ப முன்னால் நின்று கம்பியைச் சுற்ற வேண்டும். எதிர்த்து உதைத்தால் கை முறியும். 1912இல் சார்லஸ் கெட்டரிங் அமைத்த ஸ்டார்ட்டரைக் காடிலாக் காரில் பொருத்தினார்கள். அந்தத் தொல்லையும் தீர்ந்தது. அந்த ஸ்டார்ட்டர் என்ன? ஒரு மின்சார மோட்டார்! மின்சாரக் காரைத் தோற்கடித்ததே ஒரு மின்சார மோட்டார்தான். (கைதட்டல்) கிராமங்களில் அன்றைக்கு மின்சாரம் இல்லை. பெட்ரோலோ தகர டின்னில் எங்கும் கிடைத்தது.

நம்ம ஊருக்கு வருவோம். சென்னையில் 1895லேயே மின்சார டிராம் ஓடியது; 1953இல் நின்றது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்கவில்லை. நம்ம பஸ்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டா இருந்தார்கள்? வண்டியில் அடுப்புப் போல ஒரு உருளையை மாட்டி, அடுப்புக்கரியை எரித்து, அந்த வாயுவில் பஸ்ஸை ஓட்டினார்கள். ஆக, வண்டி எதில் ஓடும் என்பதை வண்டி மட்டும் முடிவு செய்வதில்லை. கைக்கு எது வந்து சேருகிறதோ, அதுவும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது.

‘பசுமை மின்சாரம் பணக்காரன் பேச்சு’ என்று ஒரு பேச்சாளர் போட்டுத் தாக்கினார். ஐயா, 1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் பஞ்சாலை வைத்தார்களே, எதற்கு மலையடிவாரத்துக்கு வந்தார்கள்? தாமிரபரணித் தண்ணீரின் விசை கிடைக்கிறது என்றுதான். சுற்றுச்சூழல் என்ற சொல்லே புழக்கத்தில் இல்லாத காலம் அது. அவர்கள் பார்த்தது லாபக் கணக்கு.

அதே கணக்கைக் காற்றில் பாருங்கள். செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நெருக்கிக்கொண்டு வருகிறது. குற்றாலத்துக்குச் சாரலைக் கொடுக்கிற அதே காற்றுதான் ஆய்க்குடி, சுரண்டைப் பக்கம் காற்றாலையைச் சுற்றுகிறது. தமிழ்நாட்டில் 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் காற்றாலைகளை நட்டுப் பார்த்தார்கள். இன்றைக்கு மாநிலத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. 1990களில் ஆலைக்காரர்கள் போட்டி போட்டுக் காற்றாலை வைத்தார்களே, காற்றின் மேல் காதலா? வருமான வரிச் சலுகையின் மேல் காதல்! (சிரிப்பு) அந்தச் சலுகையும் பொதுப்பணம்தான். அதையும் செலவில் எழுதணும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஐந்தருவியில் சீசனில் கொட்டுகிற தண்ணீர் மார்ச் மாதத்தில் கொட்டுமா? காற்றும் அப்படித்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை கொண்டாட்டம்; அப்புறம் திண்டாட்டம். அந்தக் குறையை இன்றைக்கும் பெரும்பாலும் நிலக்கரிதான் நிரப்புகிறது. 2010களில் இதற்கு நேர்மாறாகவும் நடந்தது. காற்று அடிக்கும், அவ்வளவு மின்சாரத்தையும் எடுத்துக்கொள்ள வழியில்லாமல் காற்றாலையை நிறுத்தச் சொன்னார்கள்.

இதற்கு விடை நம்ம காலடியிலேயே இருக்கிறது. குற்றாலமலையில் பிறக்கிற சிற்றாற்றை நம் முன்னோர் சும்மா விட்டார்களா? அணைக்கட்டுப் போட்டு, கால்வாய் வெட்டி, குளம் குளமாக நிரப்பினார்கள். மழை இலவசம். குளம் இலவசம் இல்லை. குடிமராமத்து என்று ஊரே கூடி மண் வெட்டியது. பாய்ச்சினவன் பங்குக்கு உழைத்தான்.

பேட்டரி என்பது என்ன? மின்சாரத்துக்கு வெட்டிய குளம்! ஒரு யூனிட் மின்சாரத்தைத் தேக்குகிற லித்தியம் பேட்டரி 2010இல் ஆயிரம் டாலருக்கு மேல் விற்றது. 2024இல் உலகச் சராசரி சுமார் 115 டாலர். கோவை மாவட்டம் கடம்பாறையில் நிஜமாகவே குளம் இருக்கிறது. மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு 400 மெகாவாட் வரை எடுக்கிறார்கள். இது 1980களின் கடைசியில் வந்தது. இன்னும் இப்படிப் பல வேண்டும்.

சரி, குடும்பக் கணக்கு. லிட்டர் 100 ரூபாய், 15 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 70 காசு. வீட்டு மின்சாரம் யூனிட் 8 ரூபாய், 7 கிலோமீட்டர் என்றால், ஒரு ரூபாய் 15 காசு. மிச்சம் ஐந்தரை ரூபாய். மின்சாரக் கார் மூன்று லட்சம் கூடுதல் என்று வைத்தால், அதை மீட்க ஏறத்தாழ 55,000 கிலோமீட்டர் ஓட்டணும். தினம் 60 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு அது இரண்டரை வருஷம். தினம் பத்து கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்குப் பதினைந்து வருஷம்! கடன் வாங்கினால் வட்டி தனி.

ஆகவே என் தீர்ப்பு. வாடகைக்கு ஓட்டுகிற தம்பி, தினமும் தென்காசிக்கும் திருநெல்வேலிக்கும் போய் வருகிற அலுவலர், இவர்களுக்கு மின்சாரக் காரே சிக்கனம். வருஷத்துக்கு நாலு தடவை திருச்செந்தூர் போகிற குடும்பம், ஓடுகிற பெட்ரோல் காரை விற்றுக் கடன்காரர் ஆக வேண்டாம். நாட்டுக்கோ, கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளியே வாங்குகிற இந்த நாட்டுக்கு, மின்சாரம்தான் வழி. ஆனால் காற்றாலை கட்டுகிற கையோடு குளத்தையும் வெட்டணும். அந்தச் செலவு எவ்வளவு, அது யார் தலையில் விழுகிறது என்பதை மக்களிடம் ஒளிக்காமல் சொல்லணும்.