தொடாமல் வைத்த கோப்பு

ஆர்.கே.புரத்தில் தமிழ்ச் சங்கத்திற்கு அருகே வசிக்கும் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், தாம் 2000இல் தட்டெழுதிய வட்டாரச் சொற்பட்டியலைக் குறுந்தகடு ஒன்றில் எனக்குத் தந்தார். "இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தொடவேயில்லை, அப்படியே இருக்கும்" என்றார். உண்மைதான்; கோப்பில் ஒரு பைட்டும் மாறவில்லை. ஆனால், திரையில் தோன்றியவை புள்ளியும் கோடும் ஏறிய ஐரோப்பிய எழுத்துகள்.

1990களில் தமிழ் எழுத்துரு செய்தோர், 256 இடங்கள் கொண்ட அட்டவணையில் தமிழ் வடிவங்களைத் தத்தம் விருப்பப்படி அமர்த்தினர். அந்த எழுத்துரு இன்றேல் கோப்பைப் படிக்க இயலாது. இக்குழப்பத்தைத் தீர்க்கவே திஸ்கி உருவானது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டையொட்டி டாம், டாப் குறியேற்றங்கள் வந்தன. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றது. புதிய தரம் வந்ததனால் மட்டும் பழைய கோப்புகள் அதற்கு மாறிவிடவில்லை.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்கள் இன்றும் வாசிக்கக் கிடைப்பதற்குக் காரணம், தன்னார்வலர்கள் அவற்றைத் திஸ்கியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றியதே. அது எளிய பணியன்று. திஸ்கியில் 'கெ' என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையில், கொம்பு முன்னும் ககரம் பின்னுமாகச் சேமிக்கப்படும். ஒருங்குறியில் ககரமே முன்.

ஒருங்குறியோடு வேலை முடிந்ததா? ஒரு முறை அளித்த இடத்தை மாற்றுவதில்லை என்பது அதன் உறுதிமொழி. ஆயினும் 2005இல் வெளிவந்த 4.1ஆம் பதிப்பு 'ஶ' எழுத்தைச் சேர்த்தது. அன்றுமுதல் 'ஸ்ரீ'யை ஸகரத்தாலும் எழுதலாம், ஶகரத்தாலும் எழுதலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் வடிவம் ஒன்றே; தேடலுக்கோ அவை இருவேறு சொற்கள். இதையறியாமல் எடுத்த சொல்லடைவில் எண்ணிக்கை பிழையாகும்.

'போதும்' என நிறுத்தப்பட்ட மென்பொருளும் உண்டு. டொனால்டு குனுத் 1990இல் 'டெக்' மென்பொருளில் புதிய வசதிகள் சேர்ப்பதை நிறுத்தினார். எனினும் பிழைதிருத்தம் நிற்கவில்லை. 2021இலும் ஒரு திருத்தப் பதிப்பு வந்தது. புதிய கணினிகளில் அது இயங்குவதற்கு இன்றும் பலர் உழைக்கின்றனர்.

பேராசிரியரின் பட்டியல் மீண்டுவிட்டது. குறுந்தகட்டின் உறைமேல் எழுத்துருவின் பெயரை அவர் பென்சிலால் எழுதிவைத்திருந்தார். அதைக்கொண்டே உரிய மாற்றியைத் தேடிப் பிடித்தேன். களப்பணித் தரவு வைத்திருக்கும் மாணவ நண்பர்கள் குறியேற்றத்தின் பெயரைக் கோப்போடு எழுதிவையுங்கள். ஆண்டுக்கொரு முறையேனும் திறந்து பாருங்கள்.