நெடுஞ்சாலைக் கற்களின் குறியீடுகளும் அவற்றின் பொருளும்: மதுரை வட்டாரச் சாலைகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

சாலையோரக் கற்களிலும் பலகைகளிலும் உள்ள எண்களும் எழுத்துகளும் தொலைவை மட்டும் அறிவிப்பன அல்ல. ஒரு சாலை எக்காலத்தில், யாருடைய பொறுப்பில், எவ்வகைப் பயணியை முன்னிட்டு அமைந்தது என்பதையும் அவை உணர்த்துகின்றன. 2010ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் புதிய எண்கள் வழங்கப்பட்டபின், பழைய எண்களைத் தாங்கிய கற்களையும் ஆவணங்களையும் பிழைபடப் பொருள் கொள்ளும் வாய்ப்பு மிகுந்துள்ளது. மதுரை வட்டாரச் சாலைகளைச் சான்றாகக் கொண்டு அக்குறியீடுகளைப் படிக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

முன்னுரை

மதுரை மாநகராட்சியுடன் 2011இல் இணைக்கப்பட்ட ஆனையூர், நகரின் வடமேற்கில், பழைய திண்டுக்கல் சாலைக்கு அருகில் அமைந்துள்ளது. வாரணாசியையும் கன்னியாகுமரியையும் இணைத்த தேசிய நெடுஞ்சாலை 7, திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குள் நுழைந்த வழி அது. இன்று நான்குவழிச் சாலை சமயநல்லூர்ப் பகுதியில் பிரிந்து, துவரிமான், நாகமலை புதுக்கோட்டை வழியாகக் கப்பலூரை அடைகிறது. அதன் எண் 44. சாலை இருந்த இடத்தில் இருக்க, எண் மாறியது. நெடுந்தொலைவுப் போக்குவரத்தும் வேறு தடத்திற்குச் சென்றது. எனவே ஓர் எண்ணைக் கண்டவுடன் அது எந்தச் சாலையைக் குறிக்கிறது என்று துணிய இயலாது. அவ்வெண் எந்த முறைமையைச் சார்ந்தது என்பதை முதலில் வரையறுத்தல் வேண்டும்.

குழியும் எண்ணும்

சாலைக் குறியீட்டு மரபு தமிழகத்திற்குப் புதிதன்று. தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல், நாவல் தாவளத்திற்கு 29 காதம் என அறிவிக்கிறது. எழுத்தமைதியால் 13ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் அக்கல்லில், எழுத்தும் தமிழ் எண்ணும் பொறிக்கப்பட்டிருப்பதோடு, இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் வெட்டப்பட்டுள்ளன. பெரிய குழி பத்தையும் சிறிய குழி ஒன்றையும் குறிக்கும். எழுத்தறியாத வணிகரும் வண்டியோட்டிகளும் குழிகளைக் கண்டும், இருளில் விரலால் தடவியும் தொலைவை அறிந்துகொள்ள முடியும். இக்கல்லில் சாலையின் அடையாளம் எண்ணன்று. அரசகுலத்தின் பெயரே அடையாளம். மதுரை வட்டாரத்தில் இராணி மங்கம்மாள் (1689–1706) பெயரால் சில தடங்கள் இன்றும் 'மங்கம்மாள் சாலை' என வழங்குவது இப்பெயரீட்டு மரபின் தொடர்ச்சி எனலாம்.

மைல்கல்

1801இல் கர்நாடகப் பகுதியின் ஆட்சி ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் சென்றபின், சாலைத் தொலைவு மைலால் அளக்கப்பட்டது. மதுரை, விருதுநகர், இராமநாதபுரம் மாவட்டங்களில் கண்டறியப்பட்டுள்ள மைல்கற்களுள் சிலவற்றில் ஊர்ப்பெயர் ஆங்கிலத்திலும் தமிழிலும் உள்ளது. தொலைவு உரோமன், தமிழ், அரபு எண்களில் பொறிக்கப்பட்டுள்ளது. குழி மறைந்து, எழுத்தறிந்தோருக்கான மும்முறை எண் அவ்விடத்தைப் பெற்றது. தமிழெண் அறிந்த உள்ளூர் மக்களும் ஆங்கில அலுவலரும் ஒரே கல்லைப் பயன்படுத்தியதை இது காட்டுகிறது.

இக்கற்களைப் படிப்போர் அளவை மாற்றத்தைக் கருத்திற்கொள்ள வேண்டும். 1956ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டத்திற்குப் பின்னரே கிலோமீட்டர் படிப்படியாக வழக்கிற்கு வந்தது. ஒரு கல்லில் மதுரைக்கு 20 என்றிருந்து, அது மைலாயின், உண்மைத் தொலைவு ஏறத்தாழ 32 கிலோமீட்டர். அதனைக் கிலோமீட்டராகக் கொண்டால், கல் இடம்பெயர்ந்துள்ளது என்ற தவறான முடிவு பிறக்கும்.

வகைக் குறியீடு

1943 டிசம்பரில் நாகபுரியில் கூடிய தலைமைப் பொறியாளர் மாநாடு, சாலைகளைத் தேசிய நெடுஞ்சாலை, மாகாண நெடுஞ்சாலை, மாவட்ட முதன்மைச் சாலை, மாவட்ட இதர சாலை, கிராமச் சாலை என வகைப்படுத்தியது. மாகாண நெடுஞ்சாலையே பின்னர் மாநில நெடுஞ்சாலை எனப்பட்டது. கற்களில் காணப்படும் என்.எச்., எஸ்.எச்., எம்.டி.ஆர்., ஓ.டி.ஆர். ஆகிய சுருக்கங்கள் இவ்வகைப்பாட்டின் வழிவந்தவை. தேசிய நெடுஞ்சாலைக் கல்லின் தலைப்பகுதிக்கு மஞ்சளும், மாநில நெடுஞ்சாலைக் கல்லுக்குப் பச்சையும் உரிய நிறங்கள். இச்சுருக்கமும் நிறமும் சாலையின் நிருவாகப் பொறுப்பைச் சுட்டுகின்றன. ஊர்ப்பெயரும் தொலைவும் பயணிக்கு. வகைக் குறியீடோ பெரிதும் நிருவாகத்திற்கு.

பழைய எண்ணும் புதிய எண்ணும்

பழைய முறையில் மதுரையில் 7, 45பி, 49 ஆகிய தேசிய நெடுஞ்சாலைகள் சந்தித்தன. 45பி என்பதில் உள்ள எழுத்து, சென்னையிலிருந்து வந்த 45ஆம் சாலையின் கிளை என்பதை உணர்த்தியது. திருமங்கலத்திலிருந்து கொல்லம் சென்ற 208, அவ்வாறு எந்தத் தாய்ச் சாலையையும் சுட்டவில்லை. எண்ணின் அளவைக் கொண்டு சாலையின் திசையையும் அறிய முடியாது.

2010இல் அறிவிக்கப்பட்ட முறை இக்குறையை நீக்கியது. வடக்கு–தெற்குச் சாலைகள் இரட்டை எண் பெற்றன. அவ்வெண் கிழக்கிலிருந்து மேற்காக வளரும். கிழக்கு–மேற்குச் சாலைகள் ஒற்றை எண் பெற்றன; அவ்வெண் வடக்கிலிருந்து தெற்காக வளரும். கிழக்குக் கடற்கரையை ஒட்டிய 32, திருச்சி, மதுரை வழியாகத் தூத்துக்குடி செல்லும் 38, திண்டுக்கல் வழியாகக் கன்னியாகுமரி செல்லும் 44, மேற்குக் கடற்கரையின் 66 என்னும் வரிசை முதல் விதிக்குச் சான்று. 83, 85, 87 என்பன வடக்கிலிருந்து தெற்காக அமைந்து இரண்டாம் விதியை உறுதிசெய்கின்றன. மூவிலக்க எண்ணின் இறுதி இரண்டு இலக்கங்கள் தாய்ச் சாலையைக் குறிக்கும். பழைய 208 இன்று 744, அதாவது 44இன் கிளை. மதுரையிலிருந்து நத்தம் வழியாகத் துவரங்குறிச்சி செல்லும் 785, 85இன் கிளை.

ஆய்வாளர் கவனிக்க வேண்டிய இடர்கள் மூன்று. முதலாவது, பழைய எண்கள் வேறிடங்களுக்கு வழங்கப்பட்டுள்ளன. இன்றைய 7, பஞ்சாபின் பசில்காவிலிருந்து உத்தராகண்டின் மானா வரை செல்கிறது. இன்றைய 49, பிலாசுப்பூரையும் கரக்பூரையும் இணைக்கிறது. இரண்டாவது, பழைய எண்ணொன்று புதிய எண்ணொன்றோடு முழுமையாகப் பொருந்துவதில்லை. கொச்சியிலிருந்து மதுரை வழியாகத் தனுஷ்கோடி சென்ற பழைய 49இன் தேனிப் பகுதி இன்று 85இலும், இராமேசுவரப் பகுதி 87இலும் அடங்குகின்றன. மூன்றாவது, அறிவிப்பு வந்த அன்றே கற்கள் மாற்றி எழுதப்படவில்லை. ஆகவே பழைய எண், கல் நடப்பட்ட காலத்தை ஓரளவு வரையறுக்குமேயன்றி, அக்கல் பயன்பாட்டில் இருந்த இறுதி ஆண்டைக் காட்டாது.

குறியீட்டின் மொழி

கல் யாரை நோக்கிப் பேசுகிறது என்னும் வினா இன்றும் உயிர்ப்புடையது. 2017 மார்ச்சில் வேலூர், கிருஷ்ணகிரி மாவட்டத் தேசிய நெடுஞ்சாலைக் கற்களில் ஆங்கிலத்திற்கு மாறாக இந்தி எழுதப்பட்டபோது தமிழகத்தில் எதிர்ப்பு எழுந்தது. தொலைவைக் காட்டும் சிறு கல், அதிகாரத்தின் மொழித் தேர்வையும் வெளிப்படுத்தும் என்பதற்கு இது சான்று.

முடிவுரை

குழியிட்ட காதக்கல் எழுத்தறியாதவரையும் பயணியாக ஏற்றது. மும்முறை எண்ணிட்ட மைல்கல் ஆள்வோரையும் உள்ளூர் மக்களையும் ஒருங்கே நோக்கியது. எண்ணும் நிறமும் தாங்கிய நெடுஞ்சாலைக் கல், நாடு தழுவிய நிருவாக வரிசையில் சாலைக்குரிய இடத்தை உரைக்கிறது. சாலை விரிவாக்கத்தின்போது பழைய கற்கள் பெயர்க்கப்படுவதும் மண்ணில் புதைவதும் நிகழ்கின்றன. இடத்தை இழந்த மைல்கல் தன் பொருளின் பெரும்பகுதியை இழந்துவிடும். தொலைவு என்பது இடத்தோடு பிணைந்தது. எனவே கல்லை அருங்காட்சியகத்தில் சேர்ப்பதற்கு முன், அது நின்ற இடம், அதன் முகம் நோக்கிய திசை, எண்முறை, அளவை, நிறப்பூச்சு ஆகியவற்றைப் பதிவுசெய்தல் இன்றியமையாதது. பழைய சாலை எண்ணை மேற்கோள் காட்டும் ஆய்வுரைகள், அதனோடு ஆண்டையும் இரு முனை ஊர்களையும் குறிப்பிடுதல் வேண்டும்.