நீர்த்தெள்ளு என்னும் அளவுகோல்

நச்சியல் ஆய்வகங்களில் அன்றாடம் நடைபெறும் சோதனை ஒன்று உண்டு. பிறந்து 24 மணி நேரம் கடவாத நீர்த்தெள்ளுக் குஞ்சுகள் ஐந்தைந்தாகச் சிறு கண்ணாடிக் குவளைகளில் விடப்படுகின்றன. ஒரே வேதிப்பொருள் குவளைகளில் வெவ்வேறு செறிவுகளில் கரைந்திருக்கும். ஒப்பீட்டுக்கான குவளைகளில் மட்டும் அது இராது. குஞ்சுகளுக்கு உணவு கிடையாது. 24 மணி நேரம் கழித்து ஒரு முறையும், 48 மணி நேரம் கழித்து மறுமுறையும் ஆய்வாளர் குவளையை மெல்ல அசைத்துவிட்டு 15 வினாடி காத்திருக்கிறார். அதற்குள் நீந்தாத உயிர் 'அசைவிழந்தது' என்று குறிக்கப்படுகிறது. அதன் உணர்கொம்பு துடித்துக்கொண்டிருந்தாலும் கணக்கு மாறாது. குஞ்சுகளில் சரிபாதியை அசைவிழக்கச் செய்யும் செறிவு பின்னர் கணக்கிடப்பட்டு, அந்த வேதிப்பொருளின் அடையாள எண்களுள் ஒன்றாகக் கோப்பில் ஏறுகிறது. பூச்சிக்கொல்லிப் பதிவு முதல் சாயப்பொருள் இறக்குமதி வரை பல முடிவுகளில் இந்த எண்ணுக்குப் பங்கு உண்டு.

உலகின் ஆறுகளுக்கும் ஏரிகளுக்கும் சார்பாகப் பேசும் உரிமை இவ்வளவு சிறிய உயிருக்கு எவ்வாறு வந்தது? அதன் சொல்லை எவ்வளவு தூரம் நம்பலாம்? இரண்டு கேள்விகளுக்கும் விடை அதன் வரலாற்றில்தான் இருக்கிறது.

டாப்னியா மேக்னா என்பது சோதனையில் மிகுதியாகப் பயன்படும் இனத்தின் பெயர். தெள்ளு என்று அழைக்கப்பட்டாலும் இது பூச்சியன்று. இறாலுக்கும் நண்டுக்கும் உறவான கணுக்காலி. வளர்ந்த பெண் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். துள்ளித் துள்ளி நீந்தும் இயல்பே அதற்குத் தெள்ளு என்ற பெயரைப் பெற்றுத் தந்தது. நெதர்லாந்தின் யான் ஸ்வாமர்டாம் 1669ஆம் ஆண்டு வெளியிட்ட பூச்சிகள் பற்றிய நூலில் நீர்த்தெள்ளு இடம்பெற்றிருக்கிறது. டாப்னியா மேக்னா என்ற பெயரை 1820இல் ஸ்ட்ராஸ் இட்டார். இதன் மேலோடு கண்ணாடி போன்றது. உள்ளே இதயம் துடிப்பதையும் குடலில் பாசி நகர்வதையும் உயிரோடு காணலாம். இலியா மெச்னிகோவ் 1884இல் இந்த ஒளிபுகும் தன்மையைப் பயன்படுத்திக்கொண்டார். நீர்த்தெள்ளின் உடலுக்குள் புகுந்த நுண்காளான் வித்துகளை அதன் இரத்த அணுக்கள் விழுங்குவதை நுண்ணோக்கியில் கண்டு விளக்கினார். நோய் எதிர்ப்பியலின் தொடக்க கால ஆய்வுகளுள் அதுவும் ஒன்று. ஆகவே, நச்சியல் இதைத் தேடி வருவதற்கு முன்பே நீர்த்தெள்ளு ஆய்வகத்துக்குப் பழகிய உயிராகிவிட்டது.

சோதனையின் மற்றொரு பாதியான 'சரிபாதி' என்ற கருத்து முற்றிலும் வேறிடத்திலிருந்து வந்தது. 1920களில் டிஜிட்டாலிஸ், இன்சுலின் போன்ற மருந்துகளின் வீரியத்தை விலங்குகளைக் கொண்டுதான் அளந்தார்கள். ஒரு விலங்கைக் கொல்லப் போதுமான மிகக் குறைந்த அளவு எது என்று தேடுவது வழக்கமாக இருந்தது. ஆனால் ஒரே அளவு மருந்துக்கு ஒரு விலங்கு இறக்கும், மற்றொன்று பிழைக்கும். மிகக் குறைந்த அளவு என்பது ஆய்வுக்கு ஆய்வு வழுக்கிக்கொண்டே போனது. பிரிட்டனின் ஜே. டபிள்யூ. டிரெவன் 1927இல் எழுதிய கட்டுரை இந்தச் சிக்கலை அவிழ்த்தது. ஓரங்களைத் தேடாமல் நடுவைத் தேடுங்கள் என்பதே அவர் வாதத்தின் சாரம். கூட்டத்தில் பாதி இறக்கும் அளவே மிகக் குறைந்த பிழையோடு கணக்கிடத்தக்கது. 1934இல் செஸ்டர் பிளிஸ் முன்வைத்த புரோபிட் முறை, அளவுக்கும் இறப்புக்கும் இடையிலான வளைகோட்டை நேர்கோடாக்கிக் கணக்கை எளிதாக்கியது.

இங்கே ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். பாதி என்ற புள்ளி பாதுகாப்பின் எல்லையாக முன்மொழியப்பட்டதன்று. ஒரு மருந்துத் தொகுதியை மற்றொன்றோடு ஒப்பிடுவதற்கான புள்ளியியல் வசதியாகவே அது பிறந்தது. பாதி உயிர்கள் வீழும் நீரை நல்ல நீர் என்று எவரும் சொல்லமாட்டார்கள். ஆயினும் அந்த எண்ணை ஒரு பாதுகாப்புக் காரணியால் வகுத்து, இதற்குக் கீழே கவலையில்லை என்று முடிவு செய்யும் வழக்கம் பின்னாளில் வேரூன்றியது. ஒப்பிடப் பிறந்த எண் இவ்வாறு உறுதியளிக்கும் எண்ணாக மாறியது.

இரு கிளைகளும் 1930களில் ஒன்று சேரத் தொடங்கின. சுவீடனின் லுண்ட் நகரில் ஏரியியல் அறிஞர் ஐனர் நௌமன், 1933ஆம் ஆண்டளவில் டாப்னியா மேக்னாவைச் சோதனை விலங்காக முன்னிறுத்திக் கட்டுரைகள் எழுதினார். அமெரிக்காவில் பெர்ட்டில் ஆண்டர்சன் 1944இல் தொழிற்சாலைக் கழிவுகளில் காணப்படும் பல பொருள்களின் நச்சு எல்லைகளை நீர்த்தெள்ளைக் கொண்டு அளந்து, கழிவுநீர்த் துறையின் இதழ் ஒன்றில் வெளியிட்டார். 1948இல் ஈரி ஏரியின் நீரில் உலோகக் குளோரைடுகளைக் கரைத்து அவற்றின் நச்சு எல்லைகளை அறிவித்தார். மீன்களைக் கொண்டு கழிவுநீரைச் சோதிப்பது அப்போதே வழக்கத்தில் இருந்தது. மீனுக்குத் தொட்டி வேண்டும், இடம் வேண்டும், நாள்கள் வேண்டும். நீர்த்தெள்ளுக்கு ஒரு குவளை போதும்.

வசதிகள் அத்தோடு முடியவில்லை. சூழல் சாதகமாக இருக்கும்வரை பெண் நீர்த்தெள்ளு ஆணின்றியே ஈனும். பிறப்பவை தாயின் மரபணுப் படிகளான பெண்கள். ஒரே தாயின் வழிவந்த குஞ்சுகளை உலகின் எந்த மூலையிலும் வளர்த்து ஒரே சோதனையைத் திரும்பச் செய்யலாம். குஞ்சுக்கு 2 மில்லிலிட்டர் கரைசல் போதும். பல உலோகங்களுக்கும் கரிமப் பாஸ்பேட் பூச்சிக்கொல்லிகளுக்கும் இந்த உயிர் கூர்மையாக எதிர்வினை காட்டியது. நுண்ணுணர்வும் வசதியும் ஒருங்கே அமைந்ததால், நீர்வாழ் முதுகெலும்பிலிகள் அனைத்துக்கும் இதுவே பதிலி என்ற எண்ணம் மெல்ல மெல்ல நிலைபெற்றது.

ஆய்வாளரின் கருவியைச் சட்டத்தின் கருவியாக்கியவை அடுத்த சில பத்தாண்டுகள். ரேச்சல் கார்சனின் 'மௌன வசந்தம்' 1962இல் வெளிவந்தது. அமெரிக்கா 1972இல் தூய நீர்ச் சட்டத்தையும் 1976இல் நச்சுப் பொருள்கள் கட்டுப்பாட்டுச் சட்டத்தையும் இயற்றியது. இந்தியாவின் நீர் மாசு தடுப்புச் சட்டம் 1974இல் வந்தது. ஒரு நாட்டில் செய்த சோதனையை மற்றொரு நாடு ஏற்காவிட்டால் ஒவ்வொரு பொருளையும் நாடுதோறும் மீண்டும் சோதிக்க நேரும். இதைத் தவிர்க்கவே பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு 1981இல் தரவுகளைப் பரஸ்பரம் ஏற்கும் முடிவை எடுத்தது. அதே ஆண்டு வெளியான சோதனை வழிகாட்டிகளில் 202 என்ற எண் நீர்த்தெள்ளுக்கு உரியதாயிற்று. இன்று பின்பற்றப்படும் வடிவம் 2004ஆம் ஆண்டுத் திருத்தம்.

அந்த வழிகாட்டியைப் படிக்கும் மாணவர்க்கு அதன் கறார்த்தன்மை வியப்பளிக்கும். வெப்பநிலை 18 முதல் 22 டிகிரி செல்சியஸ். செறிவு ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 20 குஞ்சுகள். ஒப்பீட்டுக் குழுவில் அசைவிழந்தவை 10 சதவீதத்தைத் தாண்டினால் சோதனையே செல்லாது. குஞ்சுகளின் உடல்நிலையைச் சரிபார்க்க அவ்வப்போது பொட்டாசியம் டைகுரோமேட்டைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். விடை தெரிந்த அந்த நஞ்சுக்கு எதிர்பார்த்த வீச்சுக்குள் பதில் வராவிட்டால் வளர்ப்பில் கோளாறு. அளவுகோலையே அளக்கும் ஏற்பாடு இது. இறப்பு என்று எழுதாமல் அசைவிழப்பு என்று எழுதியதிலும் பொருள் உண்டு. இவ்வளவு சிறிய உயிர் எந்தக் கணத்தில் இறந்தது என்று இரு ஆய்வாளர்கள் ஒருமித்துச் சொல்வது கடினம். 15 வினாடியில் நீந்தியதா என்பதில் கருத்து வேறுபாடு எழ இடம் குறைவு.

ஆக, இச்சோதனை தன்னிடம் கேட்கப்படும் கேள்விக்கு நேர்மையாக விடை சொல்கிறது. சிக்கல் எழுந்தது கேள்வியில்தான். நீர்த்தெள்ளு தாங்குவதை ஏனைய உயிர்களும் தாங்குமா? அமெரிக்கச் சூழலியல் அறிஞர் ஜான் கெய்ர்ன்ஸ் 1986இல் எழுதிய கட்டுரை, மிகுந்த நுண்ணுணர்வுள்ள இனம் என்று ஒன்று உண்டு என்பதே தொன்மம் என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டது. ஒரு நஞ்சுக்கு முந்தி வீழும் இனம் மற்றொரு நஞ்சுக்குக் கடைசிவரை நிற்கலாம். எல்லா நஞ்சுக்கும் முன்னெச்சரிக்கை தரும் ஒற்றை உயிர் இயற்கையில் இல்லை.

அடுத்த பத்தாண்டில் சந்தைக்கு வந்த இமிடாகுளோப்ரிட் இந்த எச்சரிக்கைக்குச் சான்றாக அமைந்தது. நியோநிக்கோட்டினாய்டு வகையைச் சேர்ந்த இப்பூச்சிக்கொல்லி பூச்சிகளின் நரம்பு ஏற்பிகளைக் குறிவைப்பது. டாப்னியா மேக்னாவின் 48 மணி நேரச் சோதனையில் பாதி அசைவிழப்புக்கு லிட்டருக்கு ஏறத்தாழ 85 மில்லிகிராம் தேவைப்பட்டது. அந்த எண்ணை மட்டும் பார்ப்பவர் இதை நீர்நிலைகளுக்குப் பெருந்தீங்கு செய்யாத பொருள் என்றே வகைப்படுத்துவார். குளத்துச் சேற்றில் வாழும் கைரோனோமஸ் புழுக்களோ லிட்டருக்குப் பத்து மைக்ரோகிராம் அளவிலேயே வீழ்ந்தன. இரண்டுக்கும் இடையே பல ஆயிரம் மடங்கு வேறுபாடு. நெதர்லாந்தில் 2013இல் வெளியான ஆய்வில், ஈசல் போன்ற தோற்றமுடைய மேஃபிளைகளின் இளம்பருவங்கள் நான்கு வாரச் சோதனையில் ஒரு மைக்ரோகிராமுக்கும் மிகக் குறைவான செறிவிலேயே பாதிப்படைந்தன. இனத்தேர்வோடு காலத்தேர்வும் இங்கே குறுக்கே நின்றது. உணவு உண்ண முடியாமல் நாள்கணக்கில் நலியும் உயிரின் துன்பம் 48 மணி நேரக் கணக்கில் விழுவதில்லை.

கைரோனோமஸ் தரவுகள் 1990களிலேயே இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். அறிவு இல்லாமல் போகவில்லை. அடிப்படைச் சோதனையாக எல்லோரும் செய்தாக வேண்டியது எது என்ற விதிதான் நீர்த்தெள்ளோடு நின்றிருந்தது. கைரோனோமஸுக்கான தனி அசைவிழப்புச் சோதனை 235 என்ற எண்ணோடு வழிகாட்டி வரிசையில் சேர்ந்தது 2011இல். பூச்சிக்கொல்லிகளுக்கு இரண்டாவது முதுகெலும்பிலி இனத்தையும் சோதிக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 2013ஆம் ஆண்டு விதிகள் வலியுறுத்தின. ஜப்பானின் சிஞ்சி ஏரியைப் பற்றி 2019இல் வெளியான ஆய்வு இந்தத் தாமதத்துக்கு ஒரு முகம் கொடுத்தது. அது உவர்ப்புக் கலந்த ஏரி, சுற்றிலும் நெல்வயல்கள். 1993 முதல் நியோநிக்கோட்டினாய்டுகள் அங்குப் பயன்படத் தொடங்கியதை ஒட்டி, வசந்தகால விலங்கு மிதவையுயிரிகளின் சராசரி நிறை 83 சதவீதம் குறைந்ததாகவும், ஆண்டுக்கு 240 டன்னாக இருந்த ஸ்மெல்ட் மீன்பிடிப்பு 22 டன்னாகச் சரிந்ததாகவும் அவ்வாய்வு கூறுகிறது. காலப்பொருத்தம் ஒன்றே முழுச் சான்றாகாது என்று வாதிடலாம். ஆனால் இரையை இழந்த மீன் நஞ்சால் நேரடியாகச் சாகாமலே மறையக்கூடும் என்ற பாடத்தை அந்த வாதம் அழித்துவிடாது.

இந்தியச் சூழலில் இந்த வரலாறு மேலும் கூர்மை பெறுகிறது. 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொதுத் தரநிலை, கலப்பில்லாத கழிவுநீரில் 96 மணி நேரம் கழித்து 90 சதவீத மீன்கள் உயிரோடு இருக்க வேண்டும் என்கிறது. அங்கே சாட்சி மீன்தான். வேதிப்பொருள்களைப் பொறுத்தவரை, 2011இல் இந்தியா தரவுகளைப் பரஸ்பரம் ஏற்கும் ஏற்பாட்டில் முழுமையாக இணைந்தது. இந்திய ஆய்வகம் உரிய நெறிப்படி செய்த சோதனை அன்று முதல் பிற உறுப்பு நாடுகளிலும் செல்லும். பெரும் பேறுதான். ஆனால் நம் ஆய்வகங்கள் 20 டிகிரியில் வளர்க்கும் டாப்னியா மேக்னா குளிர்மண்டலங்களுக்கு உரிய இனம். நம் வயல்களிலும் குளங்களிலும் கோடையில் 30 டிகிரியைத் தாண்டும் நீரில் வாழ்பவை மொய்னா, செரியோடாப்னியா போன்ற சிற்றுயிர்களும் பூச்சிகளின் இளம்பருவங்களும். வெப்பம் ஏற ஏற உடலின் இயக்கம் விரைவுபடும், நீரில் கரைந்த ஆக்சிஜன் குறையும். பல பொருள்களின் நச்சும் அதற்கேற்ப மாறும். உள்நாட்டு இனங்களைக் கொண்டு செய்த ஆய்வுகள் நம் பல்கலைக்கழகங்களில் உண்டு. அவை பெரும்பாலும் ஆய்வேடுகளாகவும் கட்டுரைகளாகவும் நின்றுவிடுகின்றன. ஒரு வளர்ப்பைப் பல ஆய்வகங்களில் ஒரே சீராகப் பேணி, ஒரே நஞ்சுக்கு ஒரே விடை வருகிறதா என்று பார்க்கும் பொறுமையான வேலையே டாப்னியாவை அளவுகோலாக்கியது. மொய்னாவுக்கும் அந்த வேலையைத்தான் யாரேனும் செய்தாக வேண்டும்.

டாப்னியாவைத் தள்ளிவைக்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. எண்பது ஆண்டுத் தரவுகளோடு ஒப்பிட உதவும் உயிர் அது. அந்தத் தொடர்ச்சிக்கு ஈடு இல்லை. அதன் எண்ணைப் படிக்கும்போது கூடவே சில கேள்விகளை எழுப்பும் வழக்கம் வேண்டும். எந்த இனம்? எத்தனை மணி நேரம்? எந்த வெப்பநிலை? இந்த நஞ்சு குறிவைக்கும் உயிருக்கு இந்த இனம் எவ்வளவு நெருங்கிய உறவு? நீர்த்தெள்ளு தன்னைப் பற்றிய உண்மையை 15 வினாடியில் சொல்லிவிடுகிறது. அதே குளத்தின் சேற்றில் புதைந்து கிடக்கும் புழுவைப் பற்றி அதனிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் அதற்குத் தெரியாது.