ரவாங் முதல் காமுண்டிங் வரை – 17: நற்செய்தியும் சம்பளச் சீட்டும்

சென்ற வாரம் 1987 அக்டோபர் 27-இல் வந்து நின்றோம். அம்னோ இரண்டாகப் பிளந்த கதை, சீனப் பள்ளிகளுக்கு மாண்டரின் படிக்காத நிர்வாகிகளை அனுப்பிய விவகாரம், சௌகிட்டில் இராணுவ வீரர் ஒருவர் துப்பாக்கியோடு இறங்கிய இரவு எல்லாம் நம் வாசகர்களுக்குத் தெரிந்தவை. ஓப்ஸ் லாலாங் நடவடிக்கையில் 106 பேர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பிடிபட்டார்கள். ஸ்டார், சின் சியூ, வத்தான் ஆகிய மூன்று பத்திரிகைகளின் உரிமம் பறிபோனது. லிம் கிட் சியாங், கர்பால் சிங், வி. டேவிட், பி. பட்டு என்று அரசியல்வாதிகளின் பெயர்களை நம் வீடுகளில் இன்றும் சொல்வார்கள்.

அதே பட்டியலில் இருந்த வேறு சில பெயர்களை யாரும் சொல்வதில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் மனித மேம்பாட்டு அலுவலகத்தை நடத்திவந்த தெலசால் சபைத் துறவி, அருட்சகோதரர் அந்தோணி ரோஜர்ஸ். தொழிற்சாலைப் பெண்களுக்காக உழைத்த ஐரீன் சேவியர். தொழிற்சங்கவாதி ஆரோக்கிய தாஸ். துப்பாக்கியோ கட்சிக் கொடியோ இல்லாத இவர்களால் நாட்டுக்கு என்ன ஆபத்து வந்தது?

இந்தக் கேள்விக்கு விடை தேடினால் கோலாலம்பூரில் தொடங்க முடியாது. பெல்ஜியத்துக்குப் போக வேண்டும். அங்கே ஒரு பாதிரியார் இருக்கிறார். இந்தத் தொடரை எழுதத் தொடங்கிய நாளிலிருந்து அவரைப் பற்றிச் சொல்லக் காத்திருந்தேன்.

ஜோசப் கார்டின் 1882-இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் பிறந்தார். உழைப்பாளிக் குடும்பம். மகன் குருவாக வேண்டும் என்று ஆசைப்பட்டபோது, ஓய்வெடுக்க வேண்டிய வயதிலும் தகப்பனார் வேலைக்குப் போய்ப் படிக்கவைத்தார். விடுமுறைக்கு ஊர் வந்த கார்டினைக் கூடப் படித்த பையன்கள் ஒதுக்கினார்கள். அவர்கள் அதற்குள் ஆலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் போயிருந்தார்கள். குருமடத்து அங்கி போட்டவன் முதலாளிகளின் ஆள் என்பது அவர்கள் எண்ணம். அந்த அடி அவருக்குக் கடைசிவரை ஆறவில்லை. 1903-இல் தகப்பனார் இறந்த படுக்கையருகே, தொழிலாளர்களுக்கே வாழ்நாளைக் கொடுப்பதாகச் சபதம் எடுத்தார். சபதம் எடுப்பவர்கள் பலர். அறுபது ஆண்டுக்கு மேல் அதைக் காப்பாற்றியவர் இவர்.

1912-இல் பிரஸ்ஸல்ஸை ஒட்டிய லாக்கன் பங்குக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவர் முதலில் கூட்டியது ஊசி வேலை செய்த ஏழைப் பெண்களை. முதல் உலகப் போரில் ஜெர்மானியர் அவரைச் சிறையில் போட்டார்கள். இளம் தொழிலாளர் இயக்கத்துக்கான கைநூலை அந்தச் சிறைக்குள்ளேயே எழுதத் தொடங்கினார். 1925-இல் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம் முறையாகப் பிறந்தது. இரண்டாம் உலகப் போரில் மறுபடியும் சிறை. அவரோடு இயக்கத்தைத் தொடங்கிய பெர்னாண்ட் டோனேயும் பால் கார்சேயும் 1945-இல் டாக்காவ் வதைமுகாமில் மாண்டார்கள்.

அவருடைய முறை மூன்றே படி: பார், சீர்தூக்கு, செயல்படு. பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள் வேலை முடிந்து ஒரு வீட்டில் கூடுவார்கள். செபம் சொல்வார்கள். நற்செய்தியில் ஒரு பகுதி வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவரும் அந்த வாரம் வேலையிடத்தில் கண்டதைச் சொல்ல வேண்டும். யாருக்குக் கூலி பிடித்தார்கள், எந்த மேஸ்திரி எந்தப் பெண்ணிடம் கையை நீட்டினான், கழிப்பறைக்குப் போக எத்தனை நிமிடம் கொடுத்தார்கள். இதைப் பார்த்தால் கிறிஸ்து என்ன சொல்வார் என்று யோசிப்பார்கள். கலைவதற்கு முன் ஒரு காரியத்தையாவது செய்யத் தீர்மானித்தாக வேண்டும். அடுத்த வாரம் அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டும்.

செபத்தையும் சம்பளச் சீட்டையும் ஒரே மேசையில் வைத்ததுதான் கார்டின் செய்த பெரிய காரியம் என்பேன். அதுவரை ஏழைக்குத் திருச்சபை கொடுத்தது கஞ்சியும் ஆறுதலும். அதிகாரத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கும் பழக்கத்தைக் கொடுத்தவர் இவர். 1961-இல் திருத்தந்தை 23-ஆம் அருளப்பர் தம் சுற்றுமடலில் இதே மூன்று படிகளைத் திருச்சபை முழுமைக்கும் பரிந்துரைத்தார். 1965-இல் கார்டின் கர்தினால் ஆனார். 1967-இல் மறைந்தார்.

அவருடைய இயக்கம் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் திறந்த கதவு வழியே அதே காற்று இன்னும் வேகமாக வந்தது. 1976 ஆகஸ்டில் தீபகற்ப மலேசியாவின் ஆயர்களும் குருக்களும் தங்கள் பங்குகளை விட்டுவிட்டு ஒரு மாதம் பினாங்கில் கூடினார்கள். ஊரில் குரு இல்லாத அந்த மாதத்தில் பொதுநிலையினரே வழிபாட்டை நடத்தினார்கள். அன்பியங்கள் என்று இன்று நாம் சொல்லும் குழுக்களுக்கு வித்து அங்கே விழுந்தது. பீடத்திலிருந்து வந்த மறையுரையைக் கேட்டுப் பழகிய தோட்டத்துக் கத்தோலிக்கர்கள், தங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து தாங்களே பேசத் தொடங்கினார்கள்.

அவர்களுக்குப் பேச நிறைய இருந்தது. 1970களில் சுங்கை வேயில் தடையற்ற வாணிப வட்டாரம் எழுந்தது. பால்மரம் வெட்டிய குடும்பங்களின் பெண்பிள்ளைகள் மின்னணுத் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். இரவும் பகலும் மாறி மாறி வரும் முறைவேலை. நாள் முழுக்க நுண்நோக்கியில் கண்ணை வைத்து மயிரிழைக் கம்பியை ஒட்டும் வேலை. சில ஆண்டில் பார்வை மங்கும். இவர்களுக்குத் தொழிற்சங்கம் கிடையாது. மின்சாரத் தொழில்துறைச் சங்கம் இவர்களைச் சேர்த்துக்கொள்ளக் கேட்டபோது, மின்னணு வேறு, மின்சாரம் வேறு என்று அரசு மறுத்துவிட்டது. நாட்டின் ஏற்றுமதியைத் தூக்கி நிறுத்திய பெண்களுக்குச் சங்கம் வைக்கும் உரிமையை மறுத்தது அநியாயம்.

ஐரீன் சேவியர் இந்தப் பெண்களிடம்தான் போனார். 1984-இல் அமைந்த சிலாங்கூர் பெண்கள் நண்பர்கள் சங்கத்தில் அவர் வேலை செய்தார். பெண்களைக் கூட்டி உட்காரவைத்து, அவர்கள் உரிமை என்ன என்று அவர்களுக்கே தெரியவைக்கும் வேலை. 'பார்' என்ற முதல் படியே அரசாங்கங்களுக்கு அச்சமூட்டப் போதுமானது.

அந்த அச்சம் முதலில் வெடித்தது சிங்கப்பூரில். 1987 மே 21-இல் 16 பேரைப் பிடித்தார்கள், ஜூனில் மேலும் 6 பேரை. முதன்மைக் குற்றவாளி என்று காட்டப்பட்டவர் கத்தோலிக்க நீதி, அமைதி ஆணையத்தின் ஊழியர் வின்சென்ட் செங். கேலாங்கில் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உதவிய கத்தோலிக்க மையத்தைச் சேர்ந்தவர்களும் அதில் இருந்தார்கள். மார்க்சியச் சதி என்றது அரசு. பேராயர் கிரகோரி யோங் முதலில் தம் ஆட்கள் பக்கம் நின்றார். ஜூன் 2-இல் பிரதமர் லீ குவான் யூவைச் சந்தித்த பிறகு அரசின் விளக்கத்தை ஏற்றுக்கொண்டார். அந்த ஒரு நாளை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆடுகள் கூண்டில் இருக்கும்போது மேய்ப்பர் வெளியே நின்று தலையாட்டக் கூடாது. அந்த ஆண்டு டிசம்பர் 30-இல் ஆசியக் கிறிஸ்தவ மாமன்றத்தையும் சிங்கப்பூர் வெளியேற்றியது.

சிங்கப்பூரின் மே மாதக் கைதுகளுக்கு ஐந்து மாதம் கழித்து நம் நாட்டில் கைது தொடங்கியபோது, அந்தோணி ரோஜர்ஸ், ஐரீன் சேவியர் போன்றவர்கள் மீதும் அதே நிழல் விழுந்தது. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு விசாரணைக்கு 60 நாள் தடுத்துவைக்க இடம் கொடுத்தது. 8-ஆம் பிரிவு, நீதிமன்றத்தில் குற்றச்சாட்டே இல்லாமல் அமைச்சரின் கையெழுத்தில் இரண்டு ஆண்டு தைப்பிங் பக்கத்துக் காமுண்டிங் முகாமுக்கு அனுப்பியது. உள்ளே நடந்த விசாரணையையும், வெளியே குடும்பங்கள் ஏறி இறங்கிய படிகளையும் அடுத்த வாரம் விரிவாக எழுதுகிறேன். இவர்களில் ஒருவர் மீதும் சதி எதுவும் நீதிமன்றத்தில் நிரூபிக்கப்படவில்லை என்பதை மட்டும் இப்போதே பதிவு செய்கிறேன். 1988 செப்டம்பரில், மின்னணுத் தொழிலாளர்கள் சங்கம் வைக்கலாம் என்று அதே அரசு அறிவித்தது. பிறகு அதையும் ஒவ்வொரு நிறுவனத்துக்குள் அடங்கிய சங்கமாகச் சுருக்கியது.

ரவாங்கிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் அந்த வீட்டுக் கூடங்களில் உட்கார்ந்திருந்த அக்காமார்கள் இன்று பாட்டிமார்கள். உங்கள் வீட்டில் ஒருவர் இருந்தால், அந்தக் கூட்டங்களில் என்ன பேசினார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். அதை எழுதிவைக்க வேறு யாரும் வரப்போவதில்லை.